சதுர அடைப்பு

மூன்று நாளாக என் வேலை
அடைப்புக்குறி போடுவதும் எடுப்பதும்.
நாயுடுபுரத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோக்கிறவளை
ஏரிக்கரை ஓட்டலுக்கு வரச்சொன்னார்கள்,
பெரிய திரையில் தட்டச்சு செய்ய
மதுரையிலிருந்து வரவேண்டிய ஆள் வரவில்லையாம்.
பாடம் இரண்டே வரி:
எல்லோரும் தலையசைத்த சொல் அப்படியே நிற்கும்.
ஒருவர் கை தூக்கினாலும் அதைச் சதுரத்துக்குள் வை.

உலர்ந்த பூண்டு. வரைவு நான்கு.
எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும்
ஒரே சரக்குக்கு ஒரே பேச்சு இருக்கவேண்டும் என்று
இருபத்தாறு நாற்காலிகள்.

ஈரப்பதம் நூற்றுக்கு [எட்டு].
தேநீருக்குப் பிறகு [ஏழரை].
அந்த அரையில் ஒரு கப்பல் திரும்பிப் போகும் என்றார் ஒருவர்.
அந்த அரையில்தான் பூஞ்சை முளைக்கும் என்றார் எதிரில் இருந்தவர்.
இருவர் கையும் ஒரே பிஸ்கட் தட்டுக்குள் போய் வந்தது.

செத்த பூச்சி எத்தனை வரலாம் என்று
நாற்பது நிமிடம்.
சிரிப்பை விழுங்கிக்கொண்டு
பூச்சியையும் சதுரத்துக்குள் அடைத்தேன்.

பிறகு வந்தது அந்த வரி.
அந்நிய வாடை இருக்கலாகாது.

பூம்பாறையில் என் கொழுந்தன் வேலப்பன்
பிடுங்கிய பூண்டைத் தாளோடு முடிந்து
அடுப்புக்கு மேலே தொங்கவிடுவான்.
சீகை விறகுப் புகை ஏறி ஏறித்
தோல் பழுப்பாகும். வருஷம் தாங்கும்.
பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தாலும்
பையைப் பார்க்காமலே கண்டக்டர்
"பூம்பாறையா?" என்று டிக்கெட் கிழிப்பார்.

புகை யாருக்கு அந்நியம்?
கேட்க எனக்கு மைக் இல்லை.
விசைப்பலகைதான் இருந்தது.

ஒரு தீவிலிருந்து வந்த வழுக்கைத்தலைக்காரர் கேட்டார்:
"எங்கள் ஊரில் ஒன்பது மாதம் மழை.
வெயிலை எந்தக் கடையில் வாங்குவது?
புகை கூடாது என்று எழுதாதீர்கள்.
எவ்வளவு கூடாது என்று எழுதுங்கள்."
மேசைக்கு அடியில் நான் கைதட்டினேன், சத்தமில்லாமல்.

பச்சைச் சால்வை போர்த்திய வேதியியல் அம்மாள் எழுந்தார்.
கரியோடு ஒட்டிவரும் ஒரு நஞ்சின் பெயர் சொன்னார்.
எழுத்துக் கூட்டித் தரச்சொல்லிக் கேட்டேன்.
பென்சோபைரீன்.
"வாங்குகிறவளுக்கு உங்கள் அடுப்பு தெரியாது, மரம் தெரியாது.
பொட்டலத்தில் இருக்கிற எண்ணை நம்பிப்
பிள்ளைக்குக் கொடுக்கிறாள்."
அதட்டல் இல்லை. கணக்குச் சொல்கிற குரல்.

அவர் சொன்ன பிள்ளையின் முகம் எனக்கு வரவில்லை.
வந்தது என் ஓர்ப்படி நாச்சம்மாளின் முகம்.
அடுப்புக்கும் பூண்டுக்கும் நடுவே
இருபது வருஷமாக நின்று சமைக்கிறாள்.
அவள் நெஞ்சுக்குள் எவ்வளவு போகலாம் என்று
எந்த வரைவிலும் ஒரு எண் இல்லை,
அடைப்புக்குள் கூட.

மாலையில் ஜன்னல் வழியே மஞ்சு புகுந்தது.
விளக்கொளி திரைக்குப் போகும் வழி
வெள்ளைக் குழாயாகத் தெரிந்தது.
கடைசியாக நான் அடித்தது:
[அந்நிய வாடை] இருக்கலாகாது
[புகையில் உலர்த்தியவை நீங்கலாக]
[மேற்படி நஞ்சு ........ அளவுக்கு மிகாமல்].
புள்ளிகளின் மேல் யாருக்கும் உடன்பாடில்லை.
மீதியைப் பதினான்கு மாதம் கழித்து
வேறொரு நாட்டில் பேசுவார்களாம்.
கோப்பை மூடினேன். கூலியைக் கவரில் கொடுத்தார்கள்.

மூஞ்சிக்கல் ஸ்டாப்பில் நின்று போன் போட்டேன்.
"என்ன அண்ணி, நம்ம பூண்டு பாஸா ஃபெயிலா?"
"அடைப்புக்குள்ள இருக்கு."
"அப்படின்னா விலை ஏறுமா, இறங்குமா?"
"தெரியல. நீ முதல்ல
அடுப்புக்கு மேல ஒரு குழாய் போட்டு
புகையை வெளியே விடு."
"புகையை விட்டா பூண்டு என்னத்துக்கு ஆகும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
அவன் பேசப் பேசப் பின்னால் நாச்சம்மா இருமினாள்.
மூன்று நாள் பழக்கம்,
எண்ணத் தொடங்கிவிட்டேன்.
பஸ் வருவதற்குள் பதினொன்று.